எத்தனை பேர் இருக்கீங்க?

எங்கள் ஆய்வு நிறுவனத்தில் அவளைக் 'கட்டம் அக்கா' என்றுதான் கூப்பிடுவோம். படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் அவளுக்குச் சோறு இறங்காது. தொழிலாளர்களின் சம்பளம், வேலை, குடியிருப்பு என்று பதினொரு வருஷமாக வாசல் வாசலாகக் கேட்டு எழுதுகிறாள். அதைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. குறை கண்டுபிடிப்பதில் நான் புலி. அக்காவிடம் மட்டும் என் பாச்சா பலித்ததில்லை.

மறுநாள் எங்கள் அறிக்கை அச்சுக்குப் போக இருந்தது. தையல் ஆலையைச் சுற்றியுள்ள அறைகளில் நெரிசல் இல்லை, தொழிலாளர்களுக்குப் புதுக் குடியிருப்பு தேவையில்லை என்பது அதன் முடிவு. கடைசிப் படிவத்துக்காக அன்று காலையில் ஓர் அறைக்குப் போன அக்கா, 'ஆட்கள்: இரண்டு' என்று எழுதிவிட்டு, குடையை அங்கேயே மறந்து வந்துவிட்டாள். சாயங்காலம் அதை எடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

கதவைத் திறந்தவள் அக்காவுக்கே புது முகம். உள்ளே இரண்டு கட்டில். இன்னொருத்தி அப்போதுதான் எழுந்து தலையை முடிந்துகொண்டிருந்தாள்.

"காலையில இருந்தவங்க எங்கம்மா?"

"டூட்டிக்குப் போயிட்டாங்கக்கா. நாங்களும் இந்த ரூம்தான், மூணு வருஷமா. இன்னும் ரெண்டு பேர் ஷிப்ட் முடிஞ்சு வருவாங்க, அவங்களுக்குக் கட்டிலைக் குடுத்துட்டு நாங்க கிளம்பணும்."

"ஆறு பேரா! காலையில ரெண்டுன்னு சொன்னாங்களே?"

"எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டிருப்பீங்க. அப்ப ரூம்ல இருந்தது ரெண்டு பேர்தானேக்கா."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படிவத்தில் 'குடியிருக்கிறீர்கள்' என்றுதான் அச்சாகியிருக்கிறது. பதில் சொல்பவர்களுக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அதை 'இருக்கீங்க' ஆக்கியது அக்காதான். நானும் ரெண்டு, ரெண்டு என்று ஏற்றித் தள்ளியிருக்கிறேன், மடையன் மாதிரி.

அக்கா குடையை வாங்கக்கூட நிற்கவில்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போனோம். அவர் கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"ஒரு ரூமுக்காக அறிக்கையை நிறுத்த முடியுமாம்மா?"

"ஒரு ரூம் இல்ல சார். எல்லா ரூம்லயும் அப்படித்தான் கேட்டேன்."

"சரி, எத்தனை ரூம்ல தப்பா வந்திருக்கும்?"

"தெரியாது சார். இன்னைக்கு முன்னாடி எந்த வாசலுக்கும் நான் ரெண்டாவது தடவை போனதே இல்ல."

சிரிப்பு நின்றது. அச்சகத்துக்குப் போன் போட்டு நிறுத்தச் சொன்னார். அப்பாடா என்று நான் மூச்சு விட்டேன். அக்கா நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"போன தடவை அறிக்கை சார்?" என்றாள்.

அந்த அறிக்கையைக் காட்டித்தான் பக்கத்துத் தொழிற்பேட்டையில் கட்டவிருந்த குடியிருப்பைக் கைவிட்டிருந்தார்கள். அங்கேயும் வாசல் வாசலாகப் போய் அதே கேள்வியைக் கேட்டு எழுதியவள் அவள்தான்.