விதைநெல் மூட்டைக்குள் ஒரு போன்

சீசனுக்குக் குற்றாலத்துக்கு வருகிற கூட்டத்தைப் பற்றி இலஞ்சி பிச்சைமணிக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் உண்டு. அறிவு கெட்ட கூட்டம். சொந்த ஊரில் குழாயைத் திறந்து குளிக்கச் சோம்பல்படுகிறவன் எல்லாம் விடிய விடிய பஸ்ஸில் வந்து, முன்னால் நிற்கிறவன் முதுகில் வழிகிற எண்ணெயைத் தன் தலையில் வாங்கிக்கொண்டு, புண்ணியம் தேடினாற்போலப் போகிறான் என்பார். ஐம்பத்து மூன்று வயதுக்குள் அவர் மெயினருவியில் குளித்தது நாலைந்து தடவை இருக்கும். குளிக்க அவருக்கு வாய்க்கால் இருந்தது.

அப்பேர்ப்பட்டவர் இந்த ஆனிக் கடைசியில் மெயினருவிக்கு அடியில் போய் நின்றார். அதுவும் வேட்டிக்குள் போட்டிருந்த டவுசர் பையில் போனை வைத்துக்கொண்டு நின்றார்.

அந்தப் போனில் என்ன இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். பிச்சைமணி ஏழாவதோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவர். அண்ணன் பாண்டித்துரை பத்து முடித்துப் போலீசில் சேர்ந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். அப்பா செத்த பிறகு வயலைப் பாகம் பிரித்தபோது, பத்திரம் எழுதுகிறவரிடம் படித்தவர் உட்கார்ந்து சொல்லிக்கொண்டிருந்தார், படிக்காதவர் வெளியே நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். ரோட்டை ஒட்டிய வயல் அண்ணனுக்கு. அதற்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் தம்பிக்கு. பின் வயலுக்கு எந்த வழியாகப் போவது என்று பத்திரத்தில் ஒரு வரி கிடையாது.

அண்ணன் வயலின் வடக்கு ஓரமாக எட்டடி வண்டிப்பாதை ஒன்று அப்பா காலத்திலிருந்தே கிடந்தது. ஆள் நடக்க வரப்பு போதும். அறுப்பு மெஷின் வரப்பில் போகாது. மெஷின் போகாத வயலை இந்தக் காலத்தில் எவன் அறுத்துக் கொடுப்பான்? பாண்டித்துரை அந்தப் பாதையை வேலி போட்டுச் சேர்த்துக்கொள்ளப் பார்த்தார். ஊரில் நாலு பேர் பேசி, போன தை மாதம் இரண்டு பேரையும் சுடலைமாடன் கோயிலில் நிறுத்தினார்கள். சூடத்தைக் கொளுத்தி வைத்தார்கள். பாண்டித்துரை, "வடக்கு ஓரத்துல எட்டடிப் பாதை என் தம்பிக்கு உள்ளது, நான் மறிக்க மாட்டேன், மறிச்சா மாடன் கேக்கட்டும்" என்று சொல்லி உள்ளங்கையால் சூடத்தை அணைத்தார்.

மாடன் கேட்பார் என்பதில் பிச்சைமணிக்குச் சந்தேகம் இல்லை. எப்போது கேட்பார் என்பதில்தான் சந்தேகம். அதனால் புதுப் போனில் அத்தனையையும் படம் பிடித்து வைத்தார். இரண்டு நிமிஷம் நாற்பது செகண்ட். தென்காசி வக்கீல் அதைப் பார்த்துவிட்டு, "போலீசுல இருந்தவருக்கு எதிரா ஊர்ல எவனும் சாட்சிக்கு வர மாட்டான். இது ஒண்ணு போதும் அண்ணாச்சி, பத்திரமா வச்சிக்கிடுங்க" என்றார்.

பிச்சைமணி அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது எப்படி என்றால், அந்த வீடியோவை ஒருவருக்கும் அனுப்பவில்லை. வக்கீல் கேட்டதற்கும் அனுப்பவில்லை. வக்கீல் விலைபோக எவ்வளவு நேரம் ஆகும்? கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கிற மகள் நிவேதா, எல்லாம் தானாக மேலே ஏறிப் பத்திரமாக இருக்கும் என்று போனில் ஏதோ செய்து கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். அவள் பஸ் ஏறிய மறுநிமிஷம் அதையும் நிறுத்திவிட்டார். எங்கேயோ கிடக்கிற வெள்ளைக்காரன் எங்க மாடன் கோயிலை எதுக்குப் பார்க்கணும் என்பது அவருடைய கேள்வி.

அருவிக்கு இழுத்துக்கொண்டு போனது திருப்பூரிலிருந்து வந்த மச்சினன் பேச்சிமுத்து. எண்ணெய் தேய்த்து உட்கார்ந்தபோது போனை எங்கே வைப்பது என்ற பேச்சு வந்தது. லாக்கர்காரனை நம்ப முடியாது. பேச்சிமுத்து பெண்டாட்டி தன்னைத் தானே படம் எடுக்கவே இரண்டு கை பத்தாமல் நின்றாள். பிச்சைமணிக்குக் கடைக்காரன் ஞாபகம் வந்தது. தென்காசியில் போன் வாங்கிய அன்று, அதே மாதிரிப் போன் ஒன்றைக் கண்ணாடித் தொட்டித் தண்ணீரில் முக்கி, உள்ளேயே மணி அடிக்க வைத்துக் காட்டினான் அவன். தண்ணீர் இதை ஒன்றும் செய்யாது என்றான். அந்தப் பயலை நம்பித்தான் போனோடு அருவிக்குள் போனார். மனிதர் ஒருத்தரையும் நம்பாதவர் ஒரு வியாபாரியை நம்பினார்.

வெளியே வந்து பார்த்தால், கண்ணாடிக்கு உள்பக்கம் வேர்த்திருந்தது. ஒரு பச்சைக் கோடு ஓடி, அணைந்தது.

"அரிசிக்குள்ள போட்டு வைங்க அத்தான். ஈரத்த உறிஞ்சிரும்" என்றான் பேச்சிமுத்து.

வீட்டுக்கு வந்து பிச்சைமணி அரிசிப் பானையைத் திறந்து மோந்து பார்த்தார். ரேஷன் அரிசி. சாரல் காலத்தில் அதுவே ஈரம் கோத்துக் கிடந்தது. இது எங்கே இன்னொன்றின் ஈரத்தை உறிஞ்சுவது? மூன்று வெயில் காட்டிக் கட்டி வைத்த விதைநெல் மூட்டை மூலையில் இருந்தது. போனை அதற்குள் கைமுட்டு ஆழத்துக்குத் திணித்தார்.

"அவன் அரிசின்னுதான சொன்னான்?" என்றாள் மனைவி முருகம்மாள்.

"ஏட்டி, அரிசி எங்கன இருந்து வருது? நெல்லுக்குள்ள இருந்துதான?"

"அப்ப நாளைக்கு இட்லிக்கும் நெல்லையே ஊறப் போடுதேன்."

நாலாம் நாள் போனை எடுத்துத் துண்டால் துடைத்து, சார்ஜ் போட்டார். கருகிய வாசம் வந்தது. பிடுங்குவதற்குள் கையில் பிடிக்க முடியாத சூடு.

தென்காசியில் கம்பெனி சர்வீஸ் சென்டர் மாடியில் இருந்தது. டோக்கன் எடுத்து, குளிரூட்டிய அறையில் துண்டைப் போர்த்திக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தார். கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு பையன் போனை உள்ளே கொண்டுபோய்த் திரும்பி வந்தான்.

"லிக்விட் டேமேஜ் சார். வாரண்டில வராது."

"வாங்கிப் பதினோரு மாசந்தான் ஆகுது."

"மாசம் பிரச்சினை இல்ல சார். உள்ள ஒரு வெள்ளை ஸ்டிக்கர் இருக்கும், தண்ணி பட்டா சிவப்பாயிரும். உங்க போன்ல சிவப்பு."

"தண்ணி ஒண்ணும் செய்யாதுன்னு தொட்டிக்குள்ள முக்கிக் காட்டித்தான வித்திய?"

அவன் ஒரு சின்னப் புத்தகத்தை விரித்து, எறும்பு ஊர்வது மாதிரியான எழுத்தில் விரலை வைத்தான். "ஒன்றரை மீட்டர் ஆழம், முப்பது நிமிஷம் வரை தாங்கும் சார். ஆனா நிக்கிற தண்ணியா இருக்கணும். விழுற தண்ணிக்குப் பொருந்தாது."

"நிக்கித தண்ணிக்குள்ள போனோட அரைமணி நேரம் எவம்லே உக்காந்திருப்பான்? எருமையா?"

பக்கத்தில் டோக்கனோடு இருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். பிச்சைமணிக்கு அது போதவில்லை.

"குத்தாலத்துக்கு ஆறு கிலோமீட்டர்ல கடைய வச்சிருக்கிய. விழுத தண்ணி ஆகாதுன்னு வாசல்ல ஒரு போர்டு எழுதி வைக்க உங்களுக்கு என்ன கேடு?"

"அது சேல்ஸ் சார். நாங்க சர்வீஸ்." பையன் ஒரு சின்ன இடுக்கியால் சார்ஜ் துவாரத்திலிருந்து எதையோ உருவி மேஜையில் வைத்தான். "இது என்ன சார்?"

"உமி."

"போனுக்குள்ள எப்படி சார் உமி?"

பிச்சைமணி உமியை விரலால் சுண்டிவிட்டார். "போன் எனக்கு வேண்டாம். நீங்களே வச்சிக்கிடுங்க. உள்ள ரெண்டு நிமிஷம் நாப்பது செகண்டுக்கு ஒரு வீடியோ இருக்கு. அத மட்டும் எடுத்துக் குடு."

"போர்டு மாத்தினா டேட்டா எல்லாம் போயிரும் சார். கஸ்டமர் டேட்டாவ நாங்க தொடவும் கூடாது, கம்பெனி ரூல்."

"தொடக் கூடாது, ஆனா அழிக்கலாம்?"

"பேக்கப் எடுத்திருப்பீங்கள்ல சார்?"

பிச்சைமணி போனைப் பிடுங்கிக்கொண்டு படியிறங்கினார். அட்டை தொங்கவிட்ட பயலுக்குப் பதில் சொல்ல அவருக்கு நேரமில்லை.

பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷெர்லின் என்கிற பெண் ஒரு ரிப்பேர் கடை வைத்திருந்தாள். நாகர்கோவில் பக்கத்திலிருந்து இங்கே வாக்கப்பட்டு வந்தவள். சீசனில் அவள் மேஜை மேல் போன்கள் கருவாடு மாதிரி வரிசையாகக் காய்ந்துகொண்டிருக்கும். பிச்சைமணியின் போனைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"எண்ணெய் வாசம் வருதே அண்ணாச்சி. தேய்ச்சுக் குளிச்சியளோ?"

"ஆமா. நல்லெண்ணெய்."

"போனுக்குமா தேய்ச்சிய?" அவள் விளக்கை இழுத்து உள்ளே பார்த்தாள். "இது தண்ணியில சாகல. ஈரத்தோட சார்ஜ் போட்டிருக்கிய, அதுல செத்துருக்கு."

"நல்லாக் காய வச்சுத்தாம்மா போட்டேன்."

"எதுல?"

தெருப் பக்கம் பார்த்துக்கொண்டு, "நெல்லுல" என்றார்.

ஷெர்லின் தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தாள். உப்பு மூட்டைக்குள் வைத்தவனையும், அடுப்பு மேல் உலர்த்தியவனையும் பார்த்தவள் அவள். இவர் மாதிரி ஒருத்தரை இன்னும் பார்த்திருக்கவில்லை. "ரெண்டு நாள் விட்டுட்டுப் போங்க" என்றாள்.

இரண்டு நாள் கழித்துப் போனபோது அவள் எழுந்துகூட வரவில்லை. "கழுவிப் பாத்தேன், சூடு காட்டிப் பாத்தேன். சவம், அசைய மாட்டேங்கு. உள்ள உள்ளத அந்த போர்டு மட்டுந்தான் திறக்கும் அண்ணாச்சி. போர்டே கரிஞ்சு போச்சு. இனி எவன் எடுத்துத் தாரேன்னு சொன்னாலும் நம்பாதிய, காசு புடுங்குவான்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "முக்கியமான படமா?"

"ஒரு ஆள் பேசுனது."

"ஐயோ. தவறிட்டாவளா?"

"எங்க? கல்லு மாதிரி இருக்கான்."

பேச்சிமுத்து சும்மா ஊருக்குப் போயிருந்தால் இந்தச் சங்கதி வீட்டோடு போயிருக்கும். பஸ்ஸுக்கு நின்ற நேரத்தில் டீக்கடையில், அத்தான் போன் அருவியில் செத்த கதையை நடித்துக் காட்டிவிட்டுப் போனான். அவன் திருப்பூர் போய்ச் சேரும் முன்பே அது பாண்டித்துரை காதுக்குப் போய்விட்டது. மூன்றாம் நாள் வண்டிப்பாதையில் ஒரு லோடு கல்தூண் இறங்கியது.

பிச்சைமணி போகும்போது சாரல் தூறிக்கொண்டிருந்தது. பாண்டித்துரை பிளாஸ்டிக் நாற்காலியில் குடை பிடித்து உட்கார்ந்து, குழி தோண்டுகிற இரண்டு ஆட்களை மேய்த்துக்கொண்டிருந்தார். குழிகள் பாதையின் வடக்கு விளிம்பிலேயே, பிச்சைமணியின் மெஷினுக்கு ஓர் அங்குலம்கூட மிச்சமில்லாமல் போயிருந்தன. பின் வயலில் பிச்சைமணியின் கார்ப்பருவ நெல் கதிர் வாங்கத் தொடங்கி நின்றது. இன்னும் நாற்பது நாளில் அறுக்க வேண்டும்.

"என்னலே பிச்சை, ஒன் போனு மெயினருவியில குளிச்சிச்சாமே? மேலுக்கு நல்லா இருக்கா?" என்றார் பாண்டித்துரை. தோண்டுகிறவர்கள் பல்லைக் காட்டினார்கள்.

"பாதையில என்னத்துக்குக் கல்லு?"

"என் பட்டாவுல என் கல்லு."

"கோயில்ல சூடம் அணைச்சு என்ன சொன்னே?"

"என்ன சொன்னேன்? எனக்கு மறந்து போச்சு. வயசாகுதுல்லா. போட்டுக் காட்டு, கேப்போம்."

வீட்டிலிருந்து வருகிற வழியெல்லாம் பிச்சைமணி ஏச்சுகளை அடுக்கிக்கொண்டே வந்திருந்தார். அப்பாவைத் தூக்கிப் போட்ட நாளிலிருந்து தொடங்குகிற ஏச்சுகள். வாயைத் திறந்தபோது அவ்வளவும் மறந்துபோயிருந்தது. கையில் செத்த போன் இருந்தது.

"செத்தது போனுதாம்ணே" என்றார்.

சொன்ன சத்தியம் சாகவில்லை என்கிற மீதி உள்ளேயே நின்றுவிட்டது. அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். சாரல் கண்ணில் விழுந்தது. துடைக்கவில்லை.

பாண்டித்துரை சிரிப்பை நிறுத்தினார். முப்பத்தைந்து வருஷம் ஸ்டேஷனில் ஆட்களை உட்காரவைத்துக் கேள்வி கேட்டவர். கத்துகிறவனிடம் சரக்கு இருக்காது, வாயை மூடிக்கொண்டு முறைக்கிறவனிடம்தான் இருக்கும் என்பது அவர் தொழிலில் கற்றது.

"வக்கீல்ட்ட குடுத்து வச்சிருக்கியா?"

பிச்சைமணி பேசவில்லை.

"நிவேதா போன்ல இருக்கும். அந்தப் பிள்ளை வெவரம்."

அதற்கும் பேசவில்லை. பேசினால் அழுகை வந்துவிடும் போலிருந்தது.

பாண்டித்துரை குடையை மடக்கினார், திரும்ப விரித்தார். "அதான பாத்தேன்" என்று தனக்குள் சொல்வது போலச் சொன்னார். "இம்புட்டு முக்கியமானத ஒரே போன்ல வச்சிக்கிட்டு அலைய எவனும் கோட்டிக்காரன் இல்லல்லா."

அந்தக் கோட்டிக்காரன் அவருக்கு நேர் எதிரே நனைந்துகொண்டு நின்றார்.

"ஏலே, குழிய மூடுங்கலே. தெக்க தள்ளித் தோண்டுங்க. எட்டடி விட்டு" என்று ஆட்களிடம் எரிந்து விழுந்தார் பாண்டித்துரை. தம்பியிடம், "அம்புட்டு அவசரமா கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். நானும் பாதைய அடைக்கணும்னு சொல்லல" என்றார்.

டேப் பிடித்து எட்டடி அளந்து முதல் கல் மண்ணுக்குள் நிற்கும்வரை பிச்சைமணி அங்கிருந்து நகரவில்லை. பிறந்ததிலிருந்து அண்ணன் தன்னை விவரமானவன் என்று எண்ணியது இந்த ஒரு தடவைதான். அதுவும் இப்படி. சந்தோஷப்படவும் வழியில்லை, சண்டை போடவும் வழியில்லை.

வீட்டு வாசலிலேயே முருகம்மாள் நின்றிருந்தாள். "என்னாச்சு? கல்ல நட்டுட்டாவளா?"

"எட்டடி விட்டு நட்டுட்டான்."

"எப்படி விட்டாவ? போனுல ஒண்ணுமே இல்லைன்னு தெரியாதா?"

பிச்சைமணி ஈரத் துண்டைப் பிழிந்து கொடியில் போட்டார்.

"நம்மள வெவரமானவன்னு நெனச்சிட்டாண்டி, முட்டாப்பய."