மிஸ்ஸி மகளின் கடைவாய்ப்பல்

எங்கள் பள்ளிக்கூடத்தில் பேய்க்குப் பயப்படாத பிள்ளைகள் இருந்தார்கள். பாம்பை வாலைப் பிடித்துத் தூக்குகிற ஒருவன் என் வகுப்பிலேயே இருந்தான். ஆனால் அத்தனை பேரும் என் அம்மாவைக் கண்டால் நடுங்கினார்கள். அம்மா பல் மிஸ்ஸி. தாதிகளை எங்கள் மலாய் நாட்டில் மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அம்மா பள்ளிப் பிள்ளைகளுக்குப் பல் பார்க்கிற அரசாங்க மிஸ்ஸி. மடக்கு நாற்காலியையும், ஙீ என்று கத்துகிற அந்த மெஷினையும் வேனில் ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவார். இப்படி ஓர் அம்மா வாய்த்தால் யார் சினேகிதமாக இருப்பார்கள், சொல்லுங்கள்.

தெப்ராவில் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. அங்கே பெரிய கிளினிக்கில் மூத்தவர்களுக்குக் கீழே அம்மா வேலை பார்த்தார். கடலோரப் பள்ளிகளுக்குப் போகிற பல் குழுவை நடத்த ஆள் இல்லை, யாரைக் கேட்டாலும் மாட்டேன் என்கிறார்கள் என்று தெரிந்ததும், அந்த வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டார். கேட்டு வாங்கிக்கொண்டதைத்தான் அத்தையால் பொறுக்கவே முடியவில்லை. அப்பாவுக்கோ செனாயில் ஷிப்ட் வேலை. வாரக் கடைசியில்தான் வந்துபோக முடியும்.

"பொம்பளப் பிள்ளைய இழுத்துக்கிட்டு அந்தக் கம்பத்துக்குப் போறீங்களே அண்ணி, நீங்க வேலைக்குப் போயிட்டா இவள யாரு பாத்துக்குவாங்க?" என்று அத்தை எல்லார் முன்னிலும் கேட்டார்.

"நான் பாத்துக்குவேன்" என்றார் அம்மா.

கோத்தா திங்கியைத் தாண்டினால் செம்பனைத் தோட்டம், செம்பனை, மறுபடியும் செம்பனை. இனி ஒன்றுமே வராது என்று அலுத்துப்போகும்போது சட்டென்று கடல் வரும். அந்தக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அரசாங்க வீடு ஒன்றில் குடியேறினோம். மலாய்ப் பள்ளியில் என்னைச் சேர்த்தார்கள். சேர்ந்த மறுநாளே எனக்குப் பெயர் வைத்துவிட்டார்கள்: 'அனாக் மிஸ்ஸி கிகி', பல் மிஸ்ஸியின் மகள். விளையாடலாம் என்று கிட்டே போனால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடுவார்கள். யார் பல் சொத்தை என்று பார்த்துக்கொண்டு போய் அம்மாவிடம் கோள் மூட்டிவிடுவேனாம்!

அந்த ஊரிலேயே மோசமான சொத்தைப்பல் என் வாயில்தான் இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அம்மா வீடு திரும்பும்வரை பக்கத்து வீட்டு மலாய்க்காரப் பெரியம்மா, மாக்சிக்தான் எனக்குத் துணை. நல்ல மனுஷி. வாசலில் சின்னக் கடை போட்டிருந்தார். தாயைக் காணாமல் உட்கார்ந்திருக்கிற பிள்ளை என்று பரிதாபப்பட்டு, பிளாஸ்டிக் பையில் ரோஜா நிறத்தில் இனிக்கிற சிராப் தண்ணீர் கட்டித் தருவார். எங்கள் வீட்டில் மிட்டாய் என்று சொல்லவே கூடாது. அதனால் அந்த சிராப்பின் ருசி எனக்கு இரண்டு மடங்கு. பையின் மூலையைக் கடித்துச் சாயங்காலம்வரை உறிஞ்சிக்கொண்டிருப்பேன். கீழே இடப்பக்கக் கடைவாய்ப்பல் குத்த ஆரம்பித்தபோது, வலப்பக்கமாக மெல்லப் பழகிக்கொண்டேன். எப்படியும் விழுந்து வேறு பல் முளைக்கும், அதுவரை சமாளித்தால் போதும் என்பது என் கணக்கு. இரவில் அம்மா ஆறின சோற்றைப் போட்டுக்கொண்டே, "பல்லு வெளக்கினியா?" என்று குரல் கொடுப்பார். "ஆச்சு" என்று நானும் குரல் கொடுப்பேன். பாவம், நாளெல்லாம் பிறத்தியார் வாயைப் பார்த்துவிட்டு வருகிறவர்.

அப்புறம் எங்கள் பள்ளிக்கே அம்மா வரும் நாள் வந்தது. முந்திய ஆண்டு வேறு மிஸ்ஸி வந்திருந்தபோது பிள்ளைகள் வேலியேறிக் குதித்துப் படகுத்துறைக்கு ஓடிவிட்டார்களாம். பாதி வேலைகூட நடக்கவில்லை. அம்மா அப்பாவிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. "நம்ம கம்பத்துப் பள்ளியே கோட்டை விட்டுட்டேன்னா, திரும்பத் தெப்ராவுக்குப் பொட்டியக் கட்ட வேண்டியதுதாங்க. உங்க தங்கச்சி சிரிப்பாங்க."

அன்று காலை எனக்குச் சடை பின்னிக்கொண்டே திட்டத்தைச் சொன்னார். "நீதான் மொத ஆளு. அழுவக் கூடாது. நீ சிரிச்சிக்கிட்டே எறங்கினா மத்தப் பிள்ளைங்க தானா வருவாங்க."

"வயிறு வலிக்குதும்மா."

"வயித்த நான் பாக்கல, பல்லத்தான் பாக்கப்போறேன். கெளம்பு லா."

நூலகத்தில் நாற்காலியைப் போட்டிருந்தார்கள். முழு வகுப்பும் கதவோரம் ஒட்டிக்கொண்டு நின்றது. ஓடுவதற்கு வசதியாகச் சிலர் செருப்பைக் கையில் வைத்திருந்தார்கள். அம்மா உற்சாகமாக மலாயில் பேசினார். இது என் மகள், இவள் பல்லைப் பாருங்கள், தினமும் விளக்கினால் உங்கள் பல்லும் இப்படித்தான் இருக்கும் என்றார். சாட்சிக்கு அந்தப் பாம்புப் பையனைக் கிட்டே வரச்சொன்னார். எனக்கு அந்த நாற்காலியோடு தரைக்குள் போய்விட வேண்டும்போல இருந்தது.

வாயைத் திறந்தேன். சின்னக் கண்ணாடி முன்பற்களைச் சுற்றி, வலப்பக்கம் போய், மெல்ல இடப்பக்கம் வந்து, அங்கேயே நின்றுவிட்டது.

"அலமாக்! மிஸ்ஸி, கிகி டியா ஹித்தாம் லா!" அவள் பல் கறுப்பு என்று பாம்புப் பையன் ஊருக்கே கேட்கும்படி கூவினான். கதவோரம் நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. ஆசிரியரும் சிரித்தார். என் மானம் கப்பலேறியது. கடலும் அங்கே பக்கத்திலேயேதான் இருந்தது.

அம்மா சிரிக்கவில்லை. முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும்தான் தெரிந்தன. குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில், "எத்தன நாளா இப்படி?" என்றார். வாய்க்குள் கண்ணாடி இருக்க நான் என்னத்தைச் சொல்வது? "இது பால் பல்லு இல்லம்மா. இது போனா வராது" என்றார். எனக்குச் சொன்ன மாதிரியே இல்லை.

பிறகு மெஷின் ஙீ என்றது. சொத்தையைச் சுரண்டி, மருந்து வைத்து அடைத்தார். வலியில் உயிர் போயிற்று. ஆனால் நான் அழவில்லை, அசையவும் இல்லை. தைரியம் ஒன்றும் கிடையாது. வெட்கத்தில் அழத் தோன்றவில்லை, அவ்வளவுதான். பாம்புப் பையன் என் முகத்தையே உற்றுப் பார்த்துவிட்டு, "தாக் சாகித்?" என்று கேட்டான். வலிக்கலையா என்கிறான். இல்லை என்று தலையாட்டினேன். அவன் போய் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி, அவளுக்குப் பின்னால் இருவர். மிஸ்ஸி மகள் பல்லே இந்த லட்சணம் என்றால் தங்களை யார் திட்டப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். ஒருவர்கூட வேலியேறவில்லை. பள்ளி விடுவதற்குள் எல்லார் பல்லையும் பார்த்து முடித்தார்கள். தலைமையாசிரியர் வேன்வரை வந்து அம்மாவுக்கு நன்றி சொன்னார். அம்மா தரையைப் பார்த்துக்கொண்டே அதைக் கேட்டுக்கொண்டார்.

சொத்தை வேர்வரை போயிருந்ததால் என் பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அடுத்த வாரம் கோத்தா திங்கியில் டாக்டர் பிடுங்கிவிட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தை போன் செய்தார். வேலை நன்றாகப் போகிறது என்று அண்ணன் சொன்னதாகச் சொல்லிவிட்டு, "அப்ப பாப்பாவ யாரு அண்ணி பாத்துக்கறா?" என்று பழையபடி கேட்டது பக்கத்தில் இருந்த எனக்கும் கேட்டது. நான்தான் என்று எப்போதும் பட்டென்று வருகிற பதில் அம்மாவிடமிருந்து வரவில்லை. போனை என் கையில் கொடுத்துவிட்டார். எனக்குப் புரிந்துவிட்டது, இது அம்மாவுக்கு நான் உதவ வேண்டிய நேரம். பல் போன பக்கம் வீக்கம் வற்றாததால் வாயைக் கோணிக்கொண்டு, "அம்மாதான் நல்லாப் பாத்துக்கறாங்க அத்த" என்றேன். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். பாத்திரம் எதுவும் இல்லை, தண்ணீர் சும்மா ஓடிக்கொண்டிருந்தது. பள்ளியில் மானத்தை வாங்கியதற்கு இன்னும் என்மேல் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாடு ஆனதும் டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு என் எதிரே உட்கார்ந்துவிடுவார். "ஆ காட்டு" என்பார். நன்றாக விளக்கியிருந்தாலும் விடமாட்டார். எனக்குக் கிடைத்த தண்டனை அது என்று முனகிக்கொண்டே காட்டுவேன். ஒருநாள் அந்த ஓட்டையின்மேல் வெளிச்சத்தை வைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். வாய் வலித்து நிமிர்ந்து பார்த்தால், அம்மாவின் கண்களில் தண்ணீர் கட்டி நின்றது.

என் வாய் அவ்வளவு நாறுகிறதா என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஓடிப்போய் இன்னொரு தடவை பல் விளக்கிவிட்டு வந்தேன்.