நூற்றுப் பத்துக்கு அம்மா இல்லை

ஆபீசில் அவளுக்குக் ‘கூட்டல் அக்கா’ என்று பேர். வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் ரீடிங் எடுக்கிற வேலை, இருபத்திரண்டு வருஷமாக. வீடு பூட்டியிருந்தால் மற்றவர்கள் போன தடவைக் கணக்கைப் பார்த்து உத்தேசமாக ஒன்றைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார்கள். அக்கா மறுநாளும் போய்க் கதவைத் தட்டுவாள். கண்ணால் பார்க்காததை எழுதவே மாட்டாள், அப்பேர்ப்பட்ட பிடிவாதக்காரி.

நடக்கிறபோது எண்களோடு அவளுக்கு ஒரு விளையாட்டு. பதினாறை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் ஆறும் ஏழு; அதைப் பதினாறோடு சேர்த்தால் இருபத்துமூன்று. ஆகப் பதினாறு அம்மா, இருபத்துமூன்று பிள்ளை. இருபதுக்கோ தலைகீழாக நின்றாலும் அம்மா கிடைக்காது. இப்படி அம்மா இல்லாத எண்களை ஆயிரம் வரை ஒவ்வொன்றாகத் தேடிப் பட்டியல் போட்டு, ஒரு கணிதப் பத்திரிகைக்கு அனுப்பினாள். வேறு யாராவது முன்பே போட்டிருக்கலாம். இருக்கட்டுமே, இது அவள் நடந்து நடந்து போட்டது.

பட்டியலில் தப்பு இருக்கிறது, போட முடியாது என்று பதில் வந்தது. தெரு முழுக்கச் சொல்லி வைத்திருந்தாளே! மானம் போகிற காரியமில்லையா? புருஷனை இழுத்துக்கொண்டு நேரே பத்திரிகை ஆபீசுக்கே போய்விட்டாள்.

ஆசிரியர் ஓய்வுபெற்ற பேராசிரியர், தன்மையான மனுஷர். இருபது, முப்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று பதினொன்று பதினொன்றாகத்தானே ஏறுகிறது, நூற்றெட்டுக்குப் பிறகு நூற்றுப் பத்தொன்பது அல்லவா வரவேண்டும், நூற்றுப் பத்து எப்படி வந்தது என்று கேட்டார். போய்விடலாம் என்று புருஷன் அக்காவின் கையைப் பிடித்தார்.

அவள் அசையவில்லை. “ஐயா, அப்படித்தான் போகும்னு நீங்களா எழுதிக்கிட்டீங்க. ஒவ்வொண்ணாப் போய்ப் பாத்தீங்களா? நூத்தி ஒன்பதைக் கூட்டிப் பாருங்க.”

அவர் கூட்டினார். ஒன்றும் சைபரும் ஒன்பதும் பத்து. நூற்றொன்பதும் பத்தும் நூற்றுப் பத்தொன்பது. அதற்கு அம்மா இருந்தாள். பிறகு தொண்ணூறிலிருந்து ஒன்றுவிடாமல் போட்டுப் பார்த்தார். நூற்றுப் பத்துக்கு எந்த எண்ணும் அம்மாவாக வரவில்லை.

பட்டியலில் நூற்றுப் பத்தைச் சுற்றித் தான் போட்டிருந்த சிவப்பு வட்டத்தை அவரே அடித்துவிட்டு, பேருக்குக் கீழே ‘கணித ஆர்வலர்’ என்று போடட்டுமா என்று கேட்டார்.

“வேண்டாங்க,” என்றாள் அக்கா. “மீட்டர் ரீடிங் எடுக்கிறவள்னு போடுங்க.”