ரஷ்த் நகரில் ஒட்டகம் இல்லை

எங்கள் பொறுப்பாளரின் சிரிப்பை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ஒருவரைக் கீழே தள்ளும்போதும் அந்தச் சிரிப்பு கலையாது. மொன்றியலின் லாசால் பகுதியில் ஒரு கார்டெறியில், அதாவது வேலைக்குப் போகும் பெற்றோர் சின்னப் பிள்ளைகளை விட்டுச் செல்லும் இடத்தில், பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். காலையில் சப்பாத்தைக் கழற்றும்போதே அந்தச் சிரிப்பு முன்னால் வந்து நிற்கும்.

ஆனால் கோபத்தை என்னிலிருந்து தொடங்குவதுதான் நியாயம். இரண்டு வருடங்களுக்கு முன் இலையுதிர் காலத்தில் ஓர் ஈரானியப் பெண் எங்களிடம் வேலைக்கு வந்தாள். என் வயதுதான் இருக்கும். நான்கு வயதுப் பிள்ளைகளின் அறையை அவளிடம் கொடுத்தார்கள். எனக்கு அடுத்த அறை. அன்று பின்னேரம் வீட்டுக்குப் போய், ஓர் அரபுக்காரி வேலைக்கு வந்திருக்கிறாள் என்று கணவரிடம் சொன்னேன். "இஞ்சேரும், அவையோட சமயக் கதை ஒண்டும் எடுக்காதையும்," என்றார். அதை நல்ல புத்தியாக எடுத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மதிய இடைவேளையில், நட்பாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு, வேலைக்குப் போக உன் கணவர் விடுகிறாரா என்று அவளைக் கேட்டேன். அவள் கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கணவனைத் தான்தான் விவாகரத்துச் செய்ததாகச் சொன்னாள். ஊரில் வடிகால் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்ததாகவும், தனக்குக் கீழே பதினெட்டு ஆண்கள் வேலை செய்ததாகவும் சொன்னாள். தான் அரபு இல்லை, தன் மொழி அரபு மொழி இல்லை என்பதையும், பள்ளிக்கூடப் பிள்ளைக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். பிறகு, "உன்ர மனுசன் உன்னை விடுறாரோ?" என்று கேட்டாள். அவள் பேசியது பிரெஞ்சு. அது என் காதில் விழுந்த தமிழில் எழுதுகிறேன். நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

அவளோடு பழகுவது இலேசு இல்லை. என் பிரெஞ்சைப் பிள்ளைகளுக்கு முன்னாலேயே திருத்துவாள். நான் கொண்டுபோன குழம்பை ஒரு வாய் வைத்துவிட்டு, மிளகாயைத் தவிர வேறு எதுவும் தெரியவில்லை என்று தள்ளிவைத்தாள். ஆனால் தன் நகரத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினால் அவள் வேறு ஆள். ரஷ்த் என்பது அதன் பெயர். காஸ்பியன் கடலுக்குப் பக்கத்தில், ஓயாமல் மழை பெய்யும் பச்சைப் பிரதேசம். மொன்றியல் மழையைப் பார்த்து, இது மழையே இல்லை, யாரோ மேலே உடுப்புப் பிழிகிறார்கள் என்பாள். சரிந்த ஓட்டுக் கூரைகள், உள்ளிப்பூண்டு மாலைகளும் புகையிட்ட மீனும் தொங்கும் சந்தை, விலை சொல்லிக் கத்தும் பெண்கள். வயலில் முழங்கால் சேற்றில் நின்று நாற்று நடுவதும் பெண்கள்தானாம். மூன்று நேரமும் சோறு. சுட்ட கத்தரிக்காயை உள்ளியோடு மசித்து முட்டை ஊற்றிக் கிளறுவார்களாம். ஈரானைப் பற்றி என் மனதில் இருந்த மணல் முழுவதும் அந்த மதிய இடைவேளைகளில்தான் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது.

பெப்ரவரியில் பொறுப்பாளர் பண்பாட்டு வாரம் ஒன்றை அறிவித்தார். ஒவ்வொருவருடைய நாட்டுக்கும் ஒரு படத்தை அவரே தேர்ந்தெடுத்து, பிள்ளைகள் வண்ணம் தீட்டுவதற்காகப் பிரதி எடுத்துத் தந்தார். எனக்கு யானை. அவளுக்கு, மணல்மேட்டில் ஓர் ஒட்டகம், பக்கத்தில் தலையிலிருந்து கால்வரை கறுப்பால் மூடிய ஒரு பெண். கறுப்பு ஏற்கெனவே அச்சிலேயே நிரம்பியிருந்தது. பிள்ளைகள் தீட்டுவதற்கு ஒட்டகம் மட்டும்தான்.

பிள்ளைகள் மதியத் தூக்கத்தில் இருந்தபோது அவள் தாள்களை எடுத்துக்கொண்டு அலுவலக அறைக்குப் போனாள். நான் நடைகூடத்தில் ஈரமான பனி உடுப்புகளைக் கொழுவிக்கொண்டிருந்தேன். கதவு திறந்திருந்தது. தன் ஊரில் ஒட்டகம் இல்லை, வந்தாலும் ஈரத்தில் சளி பிடித்துச் செத்துவிடும் என்றாள் அவள். பிள்ளைகளுக்கு எளிமையாக ஏதாவது வேண்டும் என்றார் பொறுப்பாளர். பிறகு குரலைத் தாழ்த்தி, அவள் கையைத் தொட்டு, இங்கே அவள் சுதந்திரமாக இருக்கிறாள், இனிப் பயப்படத் தேவையில்லை என்றார். சிரிப்பு அப்படியே இருந்தது.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"எனக்குப் பயம் இல்லை. அங்க தெருவில இறங்கிக் கத்தினவள் நான். என்ர அரசாங்கத்தோட எனக்கிருக்கிற கோவம் என்ர சொந்தக் கோவம். அதைச் சாட்டா வைச்சு என்ர ஊரைக் கறுப்புத் துணியால மூட உங்களுக்கு உரிமை இல்லை."

அவள் குரல் உயரவில்லை. தாள்களை இரண்டாகக் கிழித்தாள். காகிதம் போடும் நீலத் தொட்டி எது என்று பார்த்து, அதற்குள் போட்டுவிட்டு வெளியே வந்தாள்.

நான் சமாதானம் செய்யப் போனேன். வெறும் படம்தானே என்றேன். என் அறைச் சுவரில் ஒட்டியிருந்த யானைப் படங்களைக் காட்டி, உன் ஊர் யாழ்ப்பாணத்தில் யானை திரிகிறதா என்று கேட்டாள். இல்லை என்றேன். உண்மையில் யானையை நான் முதன்முதலில் கண்டதே இந்த நாட்டு மிருகக்காட்சிச் சாலையில்தான்.

"அப்ப ஏன் வண்ணம் அடிக்கக் குடுத்தனி?"

கேட்டுவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள். ஒரு கிழமை அவள் என்னோடு பேசவில்லை. எனக்கும் அவள்மேல் கோபம்தான். ஆனால் அன்றிரவே தெரிந்தது, அவள் கேட்டது சரி என்று. அடுத்த நாள் பிள்ளைகள் வருமுன் யானைகளைக் கழற்றினேன். ஒரு பிள்ளை யானை வேண்டும் என்று அரை மணித்தியாலம் அழுதது. அதற்கு என்ன விளக்கம் சொல்ல முடியும்?

அதே கிழமை பொறுப்பாளர் என்னை அழைத்து, மேலிடத்துக்கு எழுதிய ஒரு கடிதத்தை நீட்டினார். அவள் கத்தினாள், மிரட்டினாள், பிள்ளைகள் பயந்துபோனார்கள் என்று அதில் இருந்தது. சாட்சியாக நான் கையெழுத்து வைக்க வேண்டுமாம். நான் தயங்குவதைக் கண்டு, அந்த ஆட்களின் சுபாவம் அப்படி, சூடான இரத்தம், ஆனால் நீங்கள் தமிழர் அமைதியானவர்கள், கடின உழைப்பாளிகள் என்றார்.

அந்தப் பாராட்டு என்னைச் சுட்டது. இதே நகரத்தில், தொலைக்காட்சிச் செய்தியில் தமிழரைப் பயங்கரவாதத்தோடு சேர்த்து ஏதேதோ வந்த நாட்களில், என் பழைய வேலையிடத்தில் என் கைப்பையை மட்டும் திறந்து காட்டச் சொன்னார்கள். அன்று எனக்கும் ஏதோவொரு இரத்தம் இருந்தது. இப்போது அமைதியாகிவிட்டதாக்கும்.

பிள்ளைகள் நித்திரையில் இருந்தார்கள், யாரும் கத்தவில்லை, அவள் காகிதத்தைக் கிழித்துச் சரியான தொட்டியில் போட்டாள், வேண்டுமானால் இதை எழுதித் தருகிறேன் என்றேன். சிரிப்பு முதன்முறையாக மறைந்தது. என் பிழையான பிரெஞ்சிலேயே எழுதிக் கொடுத்தேன். அடுத்த மாதத்திலிருந்து என் வேலை நேரம் காலை ஆறரைக்கு மாறியது. இருட்டில், உறைந்த தரிப்பிடத்தில், பேருந்துக்கு நிற்க வேண்டும். உமக்கு ஏன் தேவையில்லாத வேலை என்று கணவர் கேட்டார். நான் தேநீரைக் குடித்துவிட்டுப் போனேன்.

அதற்கு முன், பண்பாட்டு வாரத்தின் கடைசி நாளில், அவள் தன் ஊரின் புகைப்படங்களைச் சுவரில் ஒட்டினாள். மழையில் பளபளக்கும் தெரு, வெள்ளை மணிக்கூட்டுக் கட்டடம் நிற்கும் சதுக்கம், மீன் விற்கும் பெண்கள், நாற்று வயல். ஒரு தகப்பன் பார்த்துவிட்டு, இது இத்தாலியா என்று கேட்டார். ரஷ்த் என்றாள். அவர் நம்பவில்லை. நல்ல படங்களாகத் தேடி எடுத்திருக்கிறாய் என்றார். உங்கள் குடும்பப் படங்களில் அழகில்லாதவற்றையா சுவரில் மாட்டுவீர்கள் என்று அவள் கேட்டாள். அந்த மனிதர் மகளுக்குக் கையுறையை மாட்டி, அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

கடிதம் எடுபடவில்லை. ஆனால் கோடையில் அவளுடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. பிரியாவிடைக்கு கேக் வாங்கினார்கள். பொறுப்பாளர்தான் வெட்டினார். அவள் துண்டை வாங்காமல் வெளியேறினாள். இப்போது ரொக்ஸ்பரோவில் இன்னொரு கார்டெறியில் இருக்கிறாள். தொலைபேசியில் பேசிக்கொள்கிறோம். என் பிரெஞ்சை இன்னும் திருத்துகிறாள்.

போன வைகாசியில் டொலார்ட்-டெஸ்-ஓர்மோவில் அக்கா வீட்டில் ஒரு பிறந்தநாள். தொலைக்காட்சியில் ஈரானைப் பற்றி ஏதோ போனது. அக்காவின் கணவர் சாய்ந்திருந்தபடி, "உவங்கள் எல்லாரும் ஒரே மாதிரித்தான். பொம்பிளையளை மனுசரா மதிக்காத சனம்," என்றார். சுற்றியிருந்த ஆண்கள் தலையாட்டினார்கள். என் கணவரும். அக்கா அடுப்படியில் மூன்றாவது முறையாக ரோல்ஸ் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"அத்தான், மணி மூண்டாகுது. அக்கா இன்னும் சாப்பிடேல்லை," என்றேன்.

நான் அதோடு நிறுத்தவில்லை. தெரியாத நகரத்தைப் பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன் எழுந்து போய் அந்தப் பொரிக்கும் தாச்சியை அக்காவிடமிருந்து கொஞ்ச நேரம் வாங்குங்கள் என்றும் சொன்னேன். அவர் எழவில்லை. தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

அடுத்த நாள் அக்கா தொலைபேசி எடுத்தாள். சபையில் தன் மனுசனை அவமானப்படுத்தியதற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு அவள் என்னை அழைக்கவும் இல்லை.