மீன் காகிதத்துக்குப் பின்னால் ஒரு நரி

ஹார்லிங்கன் துறைமுகத்தில் ஹெர்ரிங் மீன் விற்கும் ஹிஸ்கே என் அத்தை. அவள் வாயைத் திறந்தால் கடற்பறவைகூட மீனை விட்டுவிட்டு ஒதுங்கிப் போகும். பள்ளிக்கூடத்தை நான் பாதியில் விட்டேன். அவள் கால்வாசியில் விட்டாள். அதனால் எங்களுக்குள் நல்ல பொருத்தம்.

கணக்கில் அவள் புலி. எழுத்தோடுதான் தகராறு. ஆனாலும் தன் பையன் டௌவேக்குத் தினமும் டேப்லெட்டில் கதை வாசிப்பாள். படத்தைத் தொட்டால் வாத்து கத்தும், காற்றாலை சுற்றும். அதைப் பார்த்து இவள் கதையை அளந்துவிடுவாள். பெரியவர்களுக்காக நூலகத்தில் நடக்கும் எழுத்து வகுப்புக்கும் போனாள். அங்கேயும் டேப்லெட், வரிக்கு வரி படம். தான் தேறிவிட்டதாகவே நம்பினாள்.

நான் சும்மா இருப்பேனா? அவளுடைய டேப்லெட் பாடத்தில் இருந்த வாத்துப் படத்தை எடுத்துவிட்டு ஒரு பசுமாட்டுப் படத்தை ஒட்டிவைத்தேன்.

"பசு சைக்கிள்ல ஏறிக் கடைக்குப் போச்சு," என்று தடங்கலே இல்லாமல் வாசித்தாள்.

"அத்தே, மாடு சைக்கிள் ஓட்டுமா?"

"நம்ம ஊர்ல எதுதான்டா ஓட்டல?"

"அங்க வாத்துன்னு எழுதியிருக்கு."

எதையாவது எடுத்து அடிப்பாள் என்று குனிந்தேன். அடிக்கவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதுதான் தாங்க முடியவில்லை.

"சைட்சே, அடுத்த வாரம் வாசிப்புக் காலையுணவுடா," என்றாள்.

குளிர்காலத்தில் ஒருநாள் பிள்ளைகள் இரவு உடுப்போடு பள்ளிக்கு வந்து சாப்பிடுவார்கள். யாராவது பெரியவரும் அதே கோலத்தில் வந்து கதை வாசிக்க வேண்டும். "எங்கம்மா வாசிப்பாங்க. அவங்கள அடிச்சுக்க ஆளே இல்ல," என்று டௌவே கையைத் தூக்கிவிட்டிருந்தான். கதை வகுப்பின் பெரிய திரையில் வரும். அந்தப் பொடிசுகளும் இப்போது எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தன. ஒரு சொல் மாறினாலும் கத்திவிடும்.

"அவன் முன்னாடி மாட்டிக்கிட்டா என்னடா பண்ணுவேன்?"

"மாட்ட மாட்டே. மீன் மடிக்கிற காகிதத்தை எடு."

படத்தை மூடிவிட்டு வாசிக்க வைத்தேன். முதலில் வரி, அப்புறம்தான் காகிதத்தைத் தூக்கலாம். என்னைத் திட்டினாள், வாத்தைத் திட்டினாள், எழுத்தைக் கண்டுபிடித்தவனின் பரம்பரையையே திட்டினாள். ஆனால் கண் வரியை விட்டு நகரவில்லை. அவள் வாசித்தது சரி என்று காகிதத்துக்கு அடியிலிருந்து படம் எட்டிப் பார்த்தபோது மேசையைக் குத்திக் குத்திச் சிரித்தாள். நான் அடுத்த படத்துக்கும் காகிதத்தை வெட்டினேன்.

அந்தக் காலையில் சாக்லேட் துகள் தூவிய ரொட்டியோடு வகுப்பே காத்திருந்தது. பூப்போட்ட இரவு உடுப்பில் அத்தை நேராகத் திரைக்குப் போய்ப் படத்தின் மேல் மீன் காகிதத்தை ஒட்டினாள்.

"படம் எங்க?" என்று ஒரு கூச்சல்.

"எழுத்துக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கு. சத்தம் போட்டா வெளிய வராது."

வாசித்தாள். "கிழட்டு நரி... தொப்பியை மாட்டிக்கிட்டு..." நின்றுவிட்டாள். யாரும் மெல்லவில்லை. பின்னால் நின்ற எனக்கு அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்க நாக்கு அரித்தது, கடித்துக்கொண்டேன்.

"எங்கம்மா எப்பவும் இப்படித்தான். வேணும்னே நிறுத்துவாங்க," என்று டௌவே பக்கத்துப் பெண்ணிடம் பீற்றிக்கொண்டான்.

"...கலங்கரை விளக்கத்துல ஏறுச்சு!"

காகிதம் கிழிந்தது. உச்சியில் தொப்பியோடு நரி! வகுப்பே அலறியது. "அடுத்தது! அடுத்தது!" எல்லோரையும் விட டௌவேயின் குரல்தான் பெரிதாகக் கேட்டது.

கடைக்குச் சைக்கிளில் திரும்பும் வழியில், இரவு உடுப்பின் மேல் கோட்டைப் போட்டுக்கொண்டு, கண்ணில் பட்ட பலகையையெல்லாம் வாசித்தாள். வண்டி நிறுத்தக் கூடாது என்ற பலகை வந்ததும் நடுத்தெருவில் சைக்கிளை நிறுத்தினாள். பின்னால் வந்த வேன்காரர் ஹாரனை அலறவிட்டார்.

"ஏம்மா, நகரு!"

"இருய்யா, இன்னும் ரெண்டு வரி இருக்கு!"