தலைகீழாக நின்ற யானை

சென்னையிலேயே உலகப் பட்டத்துக்கான செஸ் போட்டி நடந்த வருடம் அது. எங்கள் பக்கத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போர்டு வந்து இறங்கியது. சொல்லிக்கொடுக்க ஒருவரும் வரவில்லை. கபடிக்கு விசில் ஊதியவர்களையே நடுவர்களாக உட்கார வைத்தார்கள். இப்போது நினைத்தாலும் பல்லைக் கடிக்கிறேன்.

விழுப்புரத்தில் மாவட்ட இறுதி ஆட்டம். ஜெயித்தால் மாநிலப் போட்டிக்குச் சென்னை போகலாம். நான் ஒலக்கூர்ப் பக்கம் அரசுப் பள்ளியில் பிளஸ் ஒன். எதிரே, பாண்டிச்சேரிக்குக் கோச்சிங் போகும் பையன். என் சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டது. அதை ராணியாக்கினால் செக். அவன் ராஜா எங்கே ஓடினாலும் அடுத்தது மேட். என் ராணி போர்டிலேயே இருந்ததால், இன்னொரு ராணிக்காய் இல்லாதபோது வழக்கமாகச் செய்வதுபோல, வெட்டுப்பட்டு வெளியே கிடந்த யானையை இரண்டாவது ராணியாகத் தலைகீழாக நிறுத்தினேன்.

நடுவர் வந்தார். "ஏம்மா, யானைய ஏன் கவுத்து வெச்சிக்கினு இருக்க?"

"அது ராணி சார்."

"ஒரு ராணி உசுரோட இருக்கசொல்ல இன்னொன்னு எப்பிடி வரும்? இது குதிரை நின்ன வீடு. இங்க வந்தா குதிரைதான்."

வீட்டில் பாய் விரித்து ஆடும் செஸ்ஸில் அப்படித்தான். எந்தக் காயின் வீட்டில் சிப்பாய் ஏறுகிறதோ அந்தக் காயாகும். போட்டி விதி அதுவா? அதில் எந்த வீட்டில் ஏறினாலும் ராணியாக்கலாம், எத்தனை ராணி வேண்டுமானாலும்.

"உலகப் பட்டப் போட்டியிலயே ஒரே நேரத்துல நாலு ராணி நின்னிருக்குது சார். அந்த ஆட்டத்த நானே வெச்சுப் பாத்திருக்கேன்."

"அப்ப அங்கயே போய் ஆடு. இங்க பேஜாரு பண்ணாத. ஜல்தி."

பையனிடம் திரும்பினேன். "நீ சொல்லு."

"சார் சொன்னா சரிதான்." போர்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

யானையை எடுத்துவிட்டு நடுவரே குதிரையை வைத்தார். அந்தக் குதிரையால் செக் இல்லை. அவனுக்கு மூச்சுவிட நேரம் கிடைத்தது. அவன் ராணி இறங்கி, துரத்தித் துரத்தி என் ராஜாவை மூலையில் அடைத்தது.

சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் அவனே கிட்டே வந்தான். "அது ராணிதான். எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சிக்கினேவா சும்மா இருந்த?"

"நடுவர்கிட்ட வாயே திறக்கக் கூடாதுன்னு கோச் சொல்லியிருக்காரு." சொல்லிவிட்டுக் கை நீட்டினான்.

தோற்ற சாம்பியன்கள் எதிராளிக்குக் கை கொடுக்கும் படங்களை எத்தனையோ பார்த்திருக்கிறேன். அவர்களெல்லாம் விதிப்படி தோற்றவர்கள். நான் கொடுக்கவில்லை. திண்டிவனம் பஸ் வந்தது, ஏறி உட்கார்ந்தேன்.