எல்லார் போனிலும் கேட்டவர்

அம்பத்தூரிலிருந்து ஆவடி போகும் ஷேர் ஆட்டோவில் எனக்கு ஓட்டுநர் பக்கத்து இடம். காக்கிச் சட்டை, நரைத்த கிருதா. வண்டி சிக்னலில் நின்றால் போதும், அவர் கை தாடைக்குக் கீழே போய் ஒரு கட்டியைத் தடவிப் பார்க்கும்.

"தம்பி, கயுத்துல கட்டி, ரெண்டு மாசமா கீது, வலி இல்ல. ஒன் போன்ல போட்டுப் பாரேன்."

இதற்கெல்லாம் நான் முந்திரிக்கொட்டை. தட்டிக்கொண்டே, "உங்க போன்ல பாக்கலையாண்ணா?" என்றேன்.

"அது கேன்சர்னுச்சு. காலைல ஒரு பொண்ணு போன்ல சும்மா நெறிகட்டின்னுச்சு. அதான் ஏறுறவங்களயெல்லாம் கேட்டுகினு கீறேன்."

"டாக்டர்கிட்ட போலாம்ல?"

"டாக்டர் ஒண்ணுதான் சொல்வாரு நைனா. அப்பால யார்கிட்ட போய் கேக்குறது?"

என் போனில் இரண்டுமே இருந்தன. வலியில்லாத கட்டியை உடனே காட்டுங்கள் என்றும் இருந்தது. அதைப் படிக்கத்தான் வாயைத் திறந்தேன். அவர் ரோட்டை விட்டுவிட்டு என் முகத்தையே பார்த்தார்.

"நெறிகட்டிதாண்ணா."

"அப்டிப் போடு!" என்று ஆரனை அழுத்தினார்.

அடுத்து ஏறியவராவது உள்ளதைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். ஆனால் நான் சொன்ன பிறகு ஓட்டுநர் வேறு யாரையாவது கேட்டாரா என்பதுதான் தெரியவில்லை.